ஸ்பானர் பக்கம்: சிக்னல் ஈஸி, கம்பம்தான் கஷ்டம்!

பாஸ், வேளச்சேரி - தாம்பரம் ரோட்டுல பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைச்சா, பள்ளிக்கரணை வந்ததும் ஒரு வேலை பண்ணுங்க. ரோட்டைப் பார்க்காதீங்க. அங்கே என்ன இருக்கும்னு நமக்கே தெரியும். டிராபிக், தண்ணி லாரி, திரும்பவும் டிராபிக். தலையைத் தூக்கி மொட்டை மாடிகளைப் பாருங்க. வரிசையா டிஷ்! கல்யாண வீட்டு குரூப் போட்டோவுக்கு நிக்கிற சொந்தக்காரங்க மாதிரி, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கும். எந்தப் பக்கம்? தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவில். வாஸ்து பார்க்கிற பெரியவங்க பாஷையில் சொன்னா, அக்னி மூலை. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் தெரியாத ஏரியாவில் திசை குழம்பினா காம்பஸ் தேட வேண்டாம், மாடியைப் பார்த்தாலே போதும்.

நம்ம அப்பா, அம்மா காலத்தில் இதே ஏரியா மாடிகளில் நின்ன ஆன்டெனா வேற பக்கம் பார்த்தது. வடக்கே, கொஞ்சம் கிழக்கே சாய்ஞ்சு. காரணம், சேப்பாக்கம் அந்தப் பக்கம் இருக்கு. 1975 ஆகஸ்ட் 15 அன்னைக்கு மெட்ராஸ் தூர்தர்ஷன் ஒளிபரப்பு ஆரம்பிச்சது. நிலையம் இருப்பது சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில். பள்ளிக்கரணையிலிருந்து காக்கா பறக்கிற கணக்கில் சுமார் 16 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி மாமா மாடியில், சித்தி படிக்கட்டில், அத்தை டி.வி. முன்னால். "வருதா?" "இல்ல!" "இப்போ?" "வந்துச்சு... போச்சு!" தமிழ்நாட்டில் அந்த வசனம் கேட்காத தெரு இருந்திருக்காது.

சரி, இந்த வாரம் நம்ம ஸ்பானர் வீட்டு மாடியில் ஆன்டெனா போடுற வேலைக்கு. 'எல்லாம் போனிலேயே வருதே, ஆன்டெனா எதுக்குடா?'ன்னு பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டப் போறீங்க. ஒரு நிமிஷம் இருங்க, ரெண்டு விஷயம்.

முதல் விஷயம் கிரிக்கெட். 2007-ல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ளதுன்னு மத்திய அரசு அறிவிக்கிற போட்டிகளை, உரிமம் வாங்கின தனியார் சேனல் பிரசார் பாரதியோடு பகிர்ந்தே ஆகணும். 2017-ல் சுப்ரீம் கோர்ட் இதுக்கு ஒரு எல்லைக்கோடு போட்டது. அப்படி வாங்கின சிக்னலைத் தூர்தர்ஷன் தன்னோட தரைவழி ஒளிபரப்பிலும் தன்னோட டி.டி.எச். சேவையிலும் மட்டும்தான் காட்டலாம், கேபிள்காரர் வழியா போகக் கூடாது. அந்த டி.டி.எச். சேவைதான் டி.டி. ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் 'டி.டி. டைரக்ட் பிளஸ்'ங்கிற பேர்ல ஆரம்பிச்சது. டிஷ்ஷும் பெட்டியும் ஒரு தடவை வாங்கினா சரி, மாசா மாசம் எவருக்கும் பைசா கட்ட வேண்டாம். இந்தியா முழுக்க 4 கோடி வீடுகளுக்கு மேல் இருக்குன்னு தொழில்துறை மதிப்பீடுகள் சொல்லுது. கட்டண சேனல்கள் இதில் வராது, அதையும் சொல்லிடறேன். வீட்டில் சீரியல் பார்க்கிற அம்மா கிட்ட முதல்லயே பேசிக்கோங்க. இல்லைன்னா மாடியில் டிஷ் சரியா இருக்கும், கீழே வீடு சரியா இருக்காது.

ரெண்டாவது விஷயம் விளையாட்டு இல்லை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் தண்ணிக்குள்ளே. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. சில தெருக்களில் நாள் கணக்கில் இல்லை. அப்போதான் தெரிஞ்சது, கையில் இருக்கிற போன் எவ்வளவு பேரோட கரண்டை நம்பி ஓடுதுன்னு. காத்துல வர்ற சிக்னலை நம்ம வீட்டிலேயே பிடிக்கத் தெரிஞ்சு வெச்சுக்கிறது பழைய காலத்து ஆசை இல்லை பாஸ்.

முதல் கேள்வி, எந்த ஆன்டெனா? மீன்முள் மாதிரி இருக்குமே, அந்தப் பழைய ஆன்டெனாவை இன்னமும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்க்கலாம். அதோட முழுப்பேர் யாகி-உடா. 1926-ல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பெரும்பாலான வேலையைச் செஞ்சவர் ஷின்டாரோ உடா. அவருக்கு மேலே இருந்த புரொபசர் ஹிடெட்சுகு யாகி. உடா ஜப்பானிய மொழியில் எழுதினார். யாகி 1928-ல் இங்கிலீஷில் எழுதினார். உலகம் 'யாகி ஆன்டெனா'ன்னு பேர் வெச்சுருச்சு! ஃபைனல் இயர் புராஜெக்டில் வேலை ஒருத்தன் செய்ய, வைவாவில் இன்னொருத்தன் பேர் வாங்கறது இன்னைக்கு நேத்து ஆரம்பிச்சதில்லை. 1942-ல் சிங்கப்பூர் விழுந்தப்போ, பிரிட்டிஷ்காரங்க விட்டுட்டுப் போன ரேடார் குறிப்புகளில் 'யாகி'ன்னு ஒரு வார்த்தை இருந்ததாம். அது என்னன்னு புரியாத ஜப்பானிய அதிகாரிகள் கைதியைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க, 'அது உங்க ஊர்க்காரர் பேர்தான்'னு பதில் வந்ததுன்னு ஒரு கதை உண்டு. அந்த உடா 1950-களின் பிற்பாதியில் நம்ம டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்து சில வருஷம் வேலை பார்த்திருக்கார். ஆன்டெனா பேப்பரில் அரியர் வெச்சிருக்கிறவங்க அவரை மனசார நினைச்சுக்கலாம்.

அந்தக் கம்பிகளோட நீளத்தில்தான் மொத்த சூட்சுமமும். அலைநீளத்தில் பாதி, அவ்வளவுதான். அந்தக் கால வி.எச்.எப். பேண்டில் 4-வது சேனல்னா 61 முதல் 68 மெகாஹெர்ட்ஸ். பாதி அலைநீளம் கணக்குப் போட்டா சுமார் 2.3 மீட்டர் வருது. அதாவது ஏழரை அடி. ஒரு ஆளைக் காட்டிலும் பெரிய கம்பி மாடியில் நின்னதுக்குக் காரணம் அதுதான். அதுவே 500 மெகாஹெர்ட்ஸ்னா 30 சென்டிமீட்டர், ஸ்கேல் அளவு.

தெற்கே கடலோர ஊர்களில் இதைவிட ஒரு படி மேலே போனாங்க. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பிச்சதும், உயரமா கம்பம் நட்டு, பூஸ்டர் மாட்டி, கடல் தாண்டி வர்ற சிக்னலைப் பிடிச்சாங்க. சில ராத்திரி கண்ணாடி மாதிரி தெரியும், சில ராத்திரி வெறும் புள்ளிதான். கடலுக்கு மேலே சூடான காத்தும் குளிர்ந்த காத்தும் அடுக்கடுக்கா நிற்கும்போது, அலை மேலே தப்பிப் போகாம ஒரு குழாய்க்குள் போற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு வந்து சேரும். பாட்டி அதை 'இன்னைக்கு சிலோன் நல்லா எடுக்குது'ன்னு சொன்னாங்க. ரெண்டும் ஒண்ணுதான்.

ஆனா அந்த மீன்முள்ளை இப்போ ஆசையா வாங்கி மாட்டிடாதீங்க. அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை பிரசார் பாரதி படிப்படியா மூடிருச்சு. எல்லைப் பகுதி மாதிரி சில முக்கிய இடங்கள் தவிர மத்த எல்லாத்தையும் 2022 மார்ச்சுக்குள் நிறுத்தறதா 2021-ல் அறிவிச்சாங்க. 2016-ல் 16 நகரங்களில் டி.வி.பி.-டி2ங்கிற டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு வந்தது, சென்னையும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதை நம்பி ஆன்டெனா வாங்கறவங்க முதலில் செய்ய வேண்டியது, அந்த டியூனர் உள்ள டி.வி. ஒண்ணில் ரெண்டு அடி ஒயரைச் சொருகி மாடியில் வெச்சு ஸ்கேன் போடறது. சேனல் விழுந்தா கடைக்குப் போங்க. விழலைன்னா பஸ் காசு மிச்சம். எப்படிப் பார்த்தாலும் இன்னைக்கு நம்ம மாடிக்கு நிச்சயமான ஆள் டிஷ்தான்.

டிஷ்ஷைத் திருப்பற கணக்குக்கு வருவோம். ஃப்ரீ டிஷ் வர்றது ஜிசாட்-15ங்கிற செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் போனது. பூமத்திய ரேகைக்கு மேலே, 93.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையில், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்குது. பள்ளிக்கரணை 13 டிகிரி வடக்கு, 80.2 டிகிரி கிழக்கு. டிரிக்னாமெட்ரி போட்டா ரெண்டு நம்பர் கிடைக்கும். திசை, வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் 133 டிகிரி. உயரக் கோணம் 68 டிகிரி.

இந்த 68 நமக்குக் கிடைச்ச வரம். டெல்லிக்காரருக்கு இதே சேட்டிலைட் 52 டிகிரியில்தான் நிற்கும், நாம பூமத்திய ரேகைக்குக் கிட்டே இருக்கோம். கிட்டத்தட்ட தலைக்கு மேலே பார்க்கிறதால, பக்கத்து வீடு உசரமா இருக்கேன்னு கவலைப்பட வேண்டாம். உங்க டிஷ்ஷை விட 10 மீட்டர் உசரமான அபார்ட்மென்ட் அக்னி மூலையிலேயே இருந்தாலும், 4 மீட்டர் தள்ளி இருந்தா போதும். இடிச்சுக்கிட்டு வளர்ந்த தென்னை மரம்தான் எதிரி.

போனில் இருக்கிற காம்பஸே போதும். ஆனா அதை ஜி.ஐ. பைப் மேலேயோ, நீட்டிக்கிட்டு இருக்கிற காலம் கம்பி பக்கத்திலேயோ வெச்சுப் பார்க்காதீங்க. இரும்பு பக்கத்தில் காம்பஸ் பொய் சொல்லும். நாலு அடி தள்ளி நின்னு 133 பாருங்க, நேரா எதிரே தெரியற ஒரு தண்ணி டேங்கையோ டவரையோ அடையாளம் வெச்சுக்கோங்க, அப்புறம் டிஷ்ஷை அதுக்குத் திருப்புங்க.

நிறைய பேர் டிஷ்ஷோட முகத்தை 68 டிகிரிக்கு அண்ணாந்து வைக்கிறாங்க. வீட்டு டிஷ் ஒரு முழுக் கிண்ணத்தோட ஓரத்தை வெட்டி எடுத்த துண்டு. 'ஆஃப்செட்'ன்னு பேர். அது முகம் பார்க்கிற இடமும் உண்மையிலேயே சிக்னல் எடுக்கிற இடமும் வேற வேற, சுமார் 25 டிகிரி வித்தியாசம். அதனால முகம் 43 டிகிரிக்குக் கிட்டே நின்னா, பார்வை 68-ல் இருக்கும். நம்ம டிபார்ட்மென்ட் ஆபீசில் கிளார்க் எங்கேயோ பார்த்துக்கிட்டு நம்மையே கவனிக்கிற மாதிரி! டிஷ்ஷோட பின்னாடி பிராக்கெட்டில் டிகிரி கோடு போட்டிருப்பாங்க. அந்தக் கோடு பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைக் கழிச்சு வெச்ச கோடு, மேனுவலில் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

அடுத்து எல்.என்.பி. டிஷ்ஷுக்கு முன்னாடி மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமே, அதுதான். அதோட கழுத்தையும் திருப்பணும், இதைப் பாதிப் பேர் மறந்துடறாங்க. நம்ம ஊரில் இந்த சேட்டிலைட்டுக்கு அது சின்னத் திருப்பம் இல்லை, டிஷ்ஷுக்குப் பின்னால் நின்னு வானத்தைப் பார்த்தா இடஞ்சுழியா சுமார் 45 டிகிரி. கடைசியில் சிக்னல் பார்த்துக்கிட்டே முன்னே பின்னே நகர்த்திக்கலாம். டி.வி. திரையில் ரெண்டு கோடு வரும், ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. ஸ்ட்ரெங்த் 80 காட்டுதேன்னு குதிக்காதீங்க. கேபிள் சரியா மாட்டி, எல்.என்.பி.க்குக் கரண்ட் போனாலே அது எழுந்து நிற்கும். குவாலிட்டி ஏறினாத்தான் உண்மையில் சேட்டிலைட் மாட்டியிருக்கு. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ரெண்டு மூணு விநாடி பொறுங்க, பெட்டி யோசிக்க நேரம் வேணும்.

எவ்வளவு நுணுக்கமான வேலைன்னு ஒரு கணக்கு. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷோட பார்வை அகலம் மொத்தமே மூணு டிகிரி சொச்சம். டிஷ் விளிம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்தா பார்வை 1 டிகிரி நகர்ந்துரும். விளிம்பு ஒரு சென்டிமீட்டர் ஆடினா படம் போச்சு. சிக்னலைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும், பொறுமை இருந்தா பத்தே நிமிஷம். அதை அங்கேயே அசையாம நிறுத்தி வைக்கறதுதான் வேலை! பெரும்பாலான வீட்டில் கடைக்காரத் தம்பி முதல் பாதியை அழகா முடிச்சுட்டு, ரெண்டாவது பாதியை ரெண்டு பிளாஸ்டிக் பிளக்கில் முடிச்சுட்டுப் போயிடறார்.

இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேசுவோம். பள்ளிக்கரணையில், அதே வேளச்சேரி - தாம்பரம் ரோட்டில், தேசிய காற்று சக்தி நிறுவனம் இருக்கு. நாடு முழுக்க எங்கே எவ்வளவு காத்து அடிக்குதுன்னு அளந்து வைக்கிற மத்திய அரசு நிறுவனம். அது இருக்கிற ஊரிலேயே நாம காத்தைக் கணக்கில் எடுக்காம டிஷ் மாட்டறோம். ஐ.எஸ். 875, மூணாம் பகுதின்னு ஒரு இந்தியத் தர நிர்ணயம் இருக்கு, சிவில் பசங்களுக்கு மனப்பாடம். அதில் சென்னைக்குக் குறிச்சிருக்கிற அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர். காத்தோட அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினா வரும், நியூட்டன் கணக்கில், ஒரு சதுர மீட்டருக்கு.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷோட பரப்பு 0.28 சதுர மீட்டர். தட்டையா எதிர்த்து நிற்கிறதுக்காக 1.3-ஆல் பெருக்கிக்குவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் காத்தில் டிஷ் மேல விழற தள்ளு சுமார் 6 கிலோ எடை அளவு. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் காத்து 100-ஐத் தாண்டி அடிச்சது. 120-ன்னு வெச்சுக்கிட்டா, தள்ளு 25 கிலோ. வேகம் ரெண்டு மடங்கானா தள்ளு நாலு மடங்கு. 180-க்குப் போனா 56 கிலோ. ஒரு வளர்ந்த ஆள் உங்க கம்பத்தோட உச்சியில் பக்கவாட்டில் தொங்கற மாதிரி. ரெண்டு பிளாஸ்டிக் பிளக் தாங்குமா, நீங்களே சொல்லுங்க. மீன்முள் ஆன்டெனா இந்த விஷயத்தில் புத்திசாலி. யு.எச்.எஃப். சைஸில் மெல்லிசான கம்பிகள் மட்டும்தான், காத்துக்குக் காட்டற பரப்பு டிஷ்ஷில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

வீட்டுச் சுவரில் ஓட்டை போடக் கூடாதுன்னு ஹவுஸ் ஓனர் சொல்லிட்டார்னா, காலி பெயின்ட் வாளியில் கான்கிரீட் ரொப்பி அதில் கம்பம் நடறது நம்ம ஊர் வழக்கம். பார்க்க பலமாத்தான் இருக்கும். 20 லிட்டர் வாளி, கான்கிரீட்டோட 48 கிலோ வரும். தூக்கவே ரெண்டு பேர் வேணும். ஆனா கவிழற கணக்கு வேற. வாளியோட அகலம் 30 சென்டிமீட்டர்தான், அதனால கவிழ்ந்துடாம பிடிச்சு நிறுத்தற திருப்புவிசை 48 கிலோ எடை பெருக்கல் 15 சென்டிமீட்டர், சுமார் 70 நியூட்டன் மீட்டர். வர்தா மாதிரி காத்தில், தரையிலிருந்து வெறும் அரை மீட்டர் உயரத்தில் டிஷ் இருந்தாலே கவிழ்க்கிற விசை 120-ஐத் தாண்டுது. வாளி, கம்பம், டிஷ் மூணும் சேர்ந்து உருளும். மாடி ஓரத்தில் வெச்சிருந்தா, 48 கிலோ கான்கிரீட் தெருவில் போறவங்க தலையில். எனக்கு இந்த வாளி முறை சுத்தமா பிடிக்காது. வேற வழியே இல்லைன்னா, மூணு நாலு அடி அகலத்துக்கு ஆங்கிள் சட்டம் அடிச்சு, அதோட நாலு மூலையிலும் சாலிட் பிளாக் ஏத்துங்க. எடையை விட அகலம்தான் காப்பாத்தும்.

ஓட்டை போட அனுமதி இருந்தா எங்கே போடணும்? கைப்பிடிச் சுவரைப் பாருங்க. நாலரை இன்ச் சுவரா, விட்டுடுங்க, அது நம்ம கையைப் பிடிக்கக் கட்டினது, புயலைப் பிடிக்க இல்லை. ஒன்பது இன்ச் சுவரோ, காலம் வர்ற இடமோ, படிக்கட்டு ஹெட்ரூம் சுவரோ கிடைச்சா நல்லது. செங்கல் இணைப்புச் சாந்தில் போடாம, ஆங்கர் போல்ட்டை கான்கிரீட்டில் போடுங்க. தளத்தில் நேரா டிரில் போட்டீங்கன்னா வெதரிங் கோர்ஸ் உடைஞ்சு, அடுத்த மழைக்கு பெட்ரூமில் சொட்டும். அப்பா ஆன்டெனாவை மறந்துட்டு உங்களைப் பத்தியே பேசுவார். கம்பம் ஒன்றரை இன்ச் ஜி.ஐ. பைப், எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. உயரம் வேணுங்கிறது சேப்பாக்கத்தைப் பார்த்த காலத்துப் பழக்கம். 36,000 கிலோமீட்டரில் இருக்கிற சேட்டிலைட்டுக்கு உங்க ரெண்டு மீட்டர் ஒரு பொருட்டே இல்லை.

இதைவிட முக்கியமான ஒண்ணு, இதைப் படிச்சுட்டு மத்ததை மறந்தாலும் பரவாயில்லை. ஈ.பி. லைன்! பள்ளிக்கரணை, மேடவாக்கம், கோவிலம்பாக்கம் பக்கம் இன்னமும் நிறைய தெருக்களில் ஒயர் தலைக்கு மேலேதான் போகுது. வீட்டை ரோடு வரைக்கும் இழுத்துக் கட்டினதால், சில மாடிகளில் கை நீட்டற தூரத்தில். ரெண்டு பேர் சேர்ந்து 20 அடி பைப்பை நிமிர்த்தும்போது அது எந்தப் பக்கம் சாயும்னு யாராலும் சொல்ல முடியாது. சாஞ்சா பிடிக்கத்தான் கை போகும், விட மனசு வராது. ஆன்டெனா கம்பம் லைனில் பட்டு ஆள் போற சம்பவம் எல்லாம் இந்த ரெண்டு விநாடியில்தான் நடக்குது. பைப் முழு நீளத்துக்கும் லைன் பக்கமே படுத்தாலும் தொடாத தூரம் இருக்கணும், அதுக்கு மேல இன்னொரு பாதி நீளம் இடைவெளி. அந்த இடம் உங்க மாடியில் இல்லையா, பைப்பைக் கீழேயே ரெண்டா அறுத்துக் கொண்டு போங்க. கேபிளை இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு லைனுக்கு மேலே வீசறதைக் கேபிள்கார அண்ணன்கள் செய்யறதைப் பார்த்திருப்பீங்க. அதில் அவங்களுக்கு அதிர்ஷ்டம் நிறைய, நமக்கு எவ்வளவுன்னு சோதிச்சுப் பார்க்க வேண்டாம். அலுமினிய ஏணிக்கும் இதே சட்டம்தான். மாடி ஈரமா இருந்தா அன்னைக்கு வேலை கிடையாது.

இடி. கம்பத்தோட அடியிலிருந்து தடியான செம்பு ஒயர் ஒண்ணை, முடிஞ்ச அளவு வளைக்காம நேரா கீழே இறக்கி, மண்ணில் அடிச்ச எர்த் ராடில் கட்டணும். அந்த ராடை வீட்டு எர்த்தோடயும் இணைக்கணும். இதை லைசென்ஸ் இருக்கிற எலெக்ட்ரீஷியன் அண்ணனை வெச்சே செய்யுங்க, ஸ்பானர் பக்கம் படிச்சுட்டுச் செய்யாதீங்க. சதுப்பு நிலத்தை ஒட்டின ஈரக் களிமண்ணில் எர்த் நல்லா பிடிக்கும், அது நம்ம ஏரியாவுக்குக் கிடைச்ச நல்ல விஷயம். கெட்ட விஷயம், அதே ஈரம் கிளாம்ப்பை அரிக்கும். தண்ணிக் குழாயில் எர்த் கட்டற பழைய யோசனை வேண்டாம். இப்போ குழாயெல்லாம் பி.வி.சி., கரண்ட் எங்கே போகும்? இத்தனையும் செஞ்சாலும், இடி நேரா விழுந்தா எந்த ஒயரும் டி.வி.யைக் காப்பாத்தாது. தூரத்தில் உறுமல் கேட்டதும் பிளக்கையும் கேபிளையும் பிடுங்கிடுங்க. மாடியில் இருந்தா இறங்கிடுங்க.

கேபிள் பத்தி ரொம்ப இல்லை. ஆர்.ஜி.6 வாங்குங்க. சுருள் விலை கம்மின்னு மெல்லிசா இருக்கிறதை வாங்கினா, பாதி சிக்னல் வழியிலேயே போயிரும். வீட்டுக்குள் நுழையறதுக்கு முன்னாடி கேபிளை 'யு' மாதிரி ஒரு தொங்கல் விடுங்க, மழைத் தண்ணி அந்த வளைவிலேயே சொட்டிடும், சுவருக்குள் வராது. எல்.என்.பி.யில் மாட்டற இடத்தை டேப் போட்டு இறுக்கி மூடுங்க. குவாலிட்டி காரணமே இல்லாம குறைஞ்சுக்கிட்டே போனா, முதல் சந்தேகம் அந்த இணைப்பில் இறங்கின தண்ணி. ரெண்டாவது சந்தேகம் காக்கா. சதுப்பு நிலத்துக்குப் பூநாரை வருது, 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்கூடக் கிடைச்சது. ஆனா நம்ம டிஷ் கையில் வந்து உட்கார்றது என்னவோ காக்காதான்.

இவ்வளவு பண்ணின பிறகும் ஒரு உண்மை இருக்கு. டிஷ் பிடிக்கிற அலையோட நீளம் ரெண்டரை சென்டிமீட்டர்தான். பெருமழை கொட்டும்போது மழைத்துளிகளே அதை உறிஞ்சிடும். புயல் நேரத்தில், செய்தி தேவைப்படுற அதே நேரத்தில், திரையில் 'சிக்னல் இல்லை'ன்னு வரும். கம்பம் நின்னிருந்தா மழை விட்டதும் படம் தானா திரும்பும். கம்பம் அசைஞ்சிருந்தா, தண்ணி வடியற வரைக்கும் 133-ம் கிடையாது, 68-ம் கிடையாது. எஃப்.எம். அலைக்கு மழை ஒரு விஷயமே இல்லை, ஏன்னா அது மூணு மீட்டர் நீளம். அதனால ஒரு பேட்டரி ரேடியோவும் ஒரு துண்டு ஒயரும் வீட்டில் இருக்கட்டும். ரெயின்போ எஃப்.எம். 101.4 மெகாஹெர்ட்ஸ். பாதி அலைநீளம் ஒன்றரை மீட்டர். 70 சென்டிமீட்டர் ஒயர் ரெண்டு, இடமும் வலமுமா விரிச்சு ஜன்னல் கம்பியைத் தொடாம கட்டி, நடுவிலிருந்து ஆன்டெனா குழி இருக்கிற ரேடியோவுக்கு இழுத்தா போதும். உடா வெச்ச மீன்முள்ளோட முதுகெலும்பு இதுதான், செலவு ஒரு டீ காசு.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பிக்கும். அதுக்குச் சரியா முன்னாடிதான் நமக்கு ஆயுத பூஜை வருது. அன்னைக்கு பைக்கைத் துடைச்சு, சந்தனம் வெச்சு, ஸ்பானர் பெட்டியை எடுத்து வெச்சதும் நேரா மாடிக்குப் போங்க. டிஷ் விளிம்பை ரெண்டு கையாலும் பிடிச்சு லேசா ஆட்டுங்க. ஆடினா ஒவ்வொரு நட்டா இறுக்குங்க, துருப்பிடிச்ச கிளாம்ப்பை மாத்துங்க. கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்க. புயலுக்கு அப்புறம் படம் வரலைன்னா, முதலில் அந்தக் கோடு நேரா இருக்கான்னு பார்த்தா போதும்.